நரம்பும் நாடியும் – 9: கேட்கக் கூடாத இசை

மஞ்சள் ஆற்றைக் கடந்து ச்சின் நாட்டு வைத்தியரின் வண்டி வந்துகொண்டிருந்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். வந்துவிட்டார். பெயர் ஹெ. வருடம் கி.மு. 541. இடம், ஜின் நாட்டின் தலைநகரம் ஷின்தியான். இன்றைய வரைபடத்தில் ஷான்ஷி மாகாணத்து ஹோமா நகரம். உள்ளே படுத்துக் கிடப்பவர் ஜின் நாட்டுக் கோமகன் பிங். பெயரளவில் ஜோ வம்சத்து மாமன்னருக்கு அடங்கியவர்தான். ஆனால் பிங் முகத்தைச் சுளித்தால் அக்கம்பக்கத்து அரசர்களுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவருக்கு இப்போது எழுந்து உட்காரத் தெம்பில்லை.

ஹெ வருவதற்கு முன்பே இரண்டு சுற்று ஆலோசனை முடிந்திருந்தது. முதலில் குறி பார்ப்பவர்கள் வந்தார்கள். ஷிச்சென், தைதாய் என்று இரண்டு தெய்வங்களின் கோபம்தான் காரணம் என்றார்கள். யார் இந்தத் தெய்வங்கள்? அரண்மனையில் வரலாறு எழுதுகிறவர்களுக்கே தெரியவில்லை. நல்லவேளையாக, நலம் விசாரிக்க வந்திருந்த ஜெங் நாட்டு அமைச்சர் ஜிச்சானுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் நாம் ஓரியன் என்று சொல்லும் விண்மீன் கூட்டத்துக்கு அதிபதி, இன்னொருவர் இந்த ஊரை ஒட்டி ஓடும் ஃபென் ஆற்றின் தெய்வம் என்று வம்சாவளியோடு விளக்கினார். விளக்கிவிட்டு அவரே அதை ஒதுக்கியும் தள்ளினார். ஆறும் நட்சத்திரமும் கோபித்துக்கொண்டால் வெள்ளம் வரும், வறட்சி வரும், காலம் தப்பிப் பனி கொட்டும். உங்கள் கோமகன் உடம்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவர் என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார், எதற்குக் கவலைப்படுகிறார், எதில் மூழ்கிக் கிடக்கிறார் என்று பாருங்கள் என்றார்.

ஜிச்சான் கணக்கில் ஆளுகிறவருக்கு நாள் நான்கு கூறு. காலையில் அரசாங்க வேலை, நடுப்பகலில் நாலு பேரிடம் கேட்டறிவது, மாலையில் ஆணைகளைச் செம்மைப்படுத்துவது, இரவில் உடம்புக்கு ஓய்வு. நான்கையும் ஒன்றாக்கிவிட்டால் உடம்புக்குள் ஓட வேண்டியது ஓடாமல் தேங்கிவிடும். பிங் எந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்தப்புரத்தில் கோமகனின் குலத்தைச் சேர்ந்த பெண்களே நான்கு பேர் இருந்தார்கள். சொந்தக் குலத்தில் பெண் எடுப்பது அன்றைய சீனத்தில் பெரிய தோஷம்.

பிங்குக்குக் கோபம் வரவில்லை. எவ்வளவு விஷயம் தெரிந்த மனிதர் என்று பாராட்டி, கைநிறையப் பரிசு கொடுத்து அனுப்பினார். உடம்பு மட்டும் தேறவில்லை. அதன் பிறகுதான் ச்சின் நாட்டுக்கு ஆள் போனது.

வைத்தியர் ஹெ பார்த்தார். தீர்ப்பில் பூசி மெழுகவில்லை: இது தீராது. பேயும் இல்லை, சாப்பாடும் இல்லை, அந்தப்புரம்தான் காரணம். அறிவு மயங்கிப்போகும் வகை நோய். பிங் பரிதாபமாக ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் பெண்கள் பக்கமே போகக் கூடாதா? போகலாம், அளவோடு என்றார் வைத்தியர்.

அடுத்து நாம் எதிர்பார்ப்பது ஒரு கஷாயம், ஒரு பத்தியம், போகட்டும், ஒரு பரிகாரமாவது. ஹெ இசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பழைய அரசர்கள் இசையை வைத்தது எதற்கும் ஒரு எல்லை உண்டென்று காட்டுவதற்காக என்றார். சுரம் ஐந்து. மெதுவாகத் தொடங்கும், வேகம் பிடிக்கும், தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று விட்டுவிடாமல் நடக்கும். நடுநிலையான ஒலி வந்து சேர்ந்ததும் சுரங்கள் இறங்கத் தொடங்கும். ஐந்தும் இறங்கி அடங்கிய பிறகு நரம்பில் கை படக் கூடாது. கை நிற்காமல் துறுதுறுத்தால்? விரல் வித்தை பெருகும், காது நிறைந்து வழியும், கேட்கிறவரின் மனம் நிலை குலையும். மற்ற எல்லாமும் அப்படித்தான். போதும் என்ற இடம் வந்ததும் கையை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நோய்.

பிறகு வானத்துக்குப் போனார். வானத்தில் ஆறு வகை மூச்சு உண்டு: நிழல், வெயில், காற்று, மழை, இருள், வெளிச்சம். இவையே கீழே இறங்கி ஐந்து சுவையாகின்றன, ஐந்து நிறமாகின்றன, ஐந்து சுரமாகக் காதில் விழுகின்றன. அளவு மிஞ்சினால் ஆறும் ஆறு நோய். நிழல் மிஞ்சினால் குளிர் நோய், வெயில் மிஞ்சினால் காய்ச்சல், காற்று மிஞ்சினால் கைகால் கோளாறு, மழை மிஞ்சினால் வயிறு. இருள் மிஞ்சினால் அறிவு மயங்கும், வெளிச்சம் மிஞ்சினால் நெஞ்சு கெடும். பிங்குக்கு வந்திருந்தது இருளின் நோய். இரவில் அளவு தவறியவருக்கு வருவது.

இன்றைக்குச் சீனாவில் கல்லீரலுக்கு ஒரு இசை, சிறுநீரகத்துக்கு ஒரு இசை என்று உறுப்புவாரியாகப் பிரித்த ஐந்து சுர ஒலித்தட்டுகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பிங்கின் படுக்கையருகே நின்ற மனிதர் அப்படி எதையும் எழுதித் தரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு இசை மாத்திரை இல்லை. அளவு என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, காதால் கேட்க முடியும். அதற்காகத்தான் இசையை இழுத்தார். எனக்கு அந்த ஒலித்தட்டுகளைவிட இவர் சொன்னதில் சரக்கு அதிகமாகத் தெரிகிறது.

வெளியே வந்ததும் முதலமைச்சர் ஜாவ் வு அவரைப் பிடித்துக்கொண்டார். கோமகனிடம் பேசும்போது, நல்ல அமைச்சர் ஒருவர் சீக்கிரம் சாகப்போகிறார் என்றும் ஹெ சொல்லியிருந்தார். யார் அது? நீங்கள்தான் என்றார் ஹெ. எட்டு வருடம் நாட்டைக் குழப்பமில்லாமல் நடத்தியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் தலைவர் கண்ணெதிரே அளவு மீறிக்கொண்டிருக்க, தடுக்காமல் நின்றீர்கள். அதற்குரிய விளைவு உங்களுக்கும் உண்டு என்றார்.

தன் சாவைத் தேதி குறிக்காத குறையாகச் சொன்னவரை ஜாவ் வு என்ன செய்தார்? சிறந்த வைத்தியர் என்று மெச்சி, பரிசுகளோடு ஊருக்கு வழியனுப்பினார். இவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. குடும்பத்தையே வெட்டிச் சாய்த்த எதிரிகளிடமிருந்து கைக்குழந்தையான இவரை வேலையாட்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று போகும். பிற்காலத்தில் அது சீன மேடைகளில் புகழ்பெற்ற நாடகமானது. பிரான்சு வரை போய், 1755இல் வால்டேர் கையால் இன்னொரு நாடகமாகவும் ஆனது. அந்தக் குழந்தைதான் இந்த முதலமைச்சர். அந்த வருடம் பன்னிரண்டாம் மாதம் செத்துப்போனார்.

முதல் கணிப்பு பலித்துவிட்டது. தீராது என்று சொல்லப்பட்ட கோமகனோ இன்னும் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். அந்த ஒன்பது வருடத்தில் தன் நோய்க்கு அவர் தேடிக்கொண்டது, வைத்தியர் எதை அளவோடு வைக்கச் சொன்னாரோ அதையே. புதுப்புது இசை.

*

பிங்கின் அரண்மனையில் ஒருவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. இசை ஆசான் குவாங். கண் தெரியாதவர். அந்தக் காலத்துச் சீன அரண்மனைகளில் இசைக்காரர்கள் பெரும்பாலும் பார்வையற்றவர்கள். காதை மட்டுமே நம்பி வாழ்கிறவருக்குக் காது கூடுதலாக வேலை செய்யும் என்பது அன்றைய நம்பிக்கை. பிங் புது இசையில் மயங்குகிறார் என்று தெரிந்த அன்றே, இந்தக் கோமகன் வீடு இறங்குமுகம்தான் என்று குவாங் சொல்லிவிட்டதாகப் பழைய நூல் ஒன்று குறிக்கிறது.

இவரைப் பற்றிய கதைகள் ஏராளம். ஒருநாள் பிங் குடிபோதையில், அரசனாக இருப்பதில் வேறு சுகமே இல்லை, நான் சொன்னதை யாரும் மறுத்துப் பேச முடியாது என்பதைத் தவிர என்று பெருமூச்சு விட்டாராம். குவாங் தன் மடியில் இருந்த குச்சின் யாழைத் தூக்கி அவர் மேல் எறிந்தார். பட்டு நரம்பு பூட்டிய நீண்ட மரப்பெட்டி அது. பிங் விலகிக்கொள்ள, யாழ் சுவரில் மோதிச் சுவர் பெயர்ந்தது. யாரை அடித்தீர் என்று பிங் கேட்டார். பக்கத்தில் யாரோ அற்பத்தனமாகப் பேசுவது கேட்டது, அவனைத்தான் அடித்தேன் என்றார் குவாங். பேசியது நான்தான் என்றார் பிங். அரசன் பேசுகிற பேச்சா அது என்று திருப்பிக் கேட்டார் கண் தெரியாத கிழவர். சுற்றியிருந்தவர்கள் பெயர்ந்த சுவரைப் பூசக் கிளம்பினார்கள். பிங் தடுத்தார். அது அப்படியே இருக்கட்டும், எனக்கு ஓர் எச்சரிக்கை என்றார்.

இன்னொரு கதையில் பிங் பெரிய மணி வார்க்கச் சொல்கிறார். ஊர் இசைக்காரர்கள் அத்தனை பேரும் சுருதி சுத்தம் என்கிறார்கள். குவாங் மட்டும் இல்லை என்கிறார். ஜின் நாட்டில் மணி வார்ப்பது சின்ன வேலை அல்ல. ஹோமாவில் அகழாய்வு செய்தவர்கள் வெண்கலப் பட்டறையின் களிமண் அச்சுகளைப் பல்லாயிரம் துண்டுகளாக அள்ளியிருக்கிறார்கள். மணிக்கான அச்சுகளும் அவற்றில் உண்டு, நுணுக்கமான பின்னல் வேலைப்பாட்டோடு. அத்தனை உழைப்பையும் ஒரு காது நிராகரிக்கிறது. பின்னால் வரப்போகும் ஒரு நல்ல காது இதைக் கண்டுபிடித்துவிடும், அன்று உங்களுக்காக நான் வெட்கப்பட வேண்டியிருக்கும் என்றாராம் குவாங்.

கி.மு. 534இல் ஒரு புரளி கிளம்பியது. ஜின் நாட்டில் வெய்யூ என்ற இடத்தில் ஒரு கல் பேசியதாம். கல் எப்படிப் பேசும் என்று பிங் கேட்டதற்குக் குவாங் சொன்ன பதிலில் பயபக்தி ஒன்றும் இல்லை. கல் பேசாது, ஏதாவது புகுந்து பேசியிருக்கலாம், இல்லாவிட்டால் ஜனங்கள் தப்பாகக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் ஒன்று கேள்விப்பட்டிருக்கிறேன். விதைக்கிற காலம் அறுக்கிற காலம் பார்க்காமல் அரசன் கட்டட வேலைக்கு ஆள் பிடித்தால், ஜனங்களுடைய வயிற்றெரிச்சல் வாயில்லாத பொருளைக்கூடப் பேச வைத்துவிடும் என்றார். அப்போது பிங் கட்டிக்கொண்டிருந்தது சிச்சி என்ற பிரம்மாண்ட அரண்மனை.

கட்டி முடித்தார். அயல்நாட்டு அரசர்கள் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். வெய் நாட்டில் அதே வருடம்தான் லிங் என்பவர் பட்டத்துக்கு வந்திருந்தார். அவரும் ஜின் நாட்டுக்குக் கிளம்பிய கதையைத்தான் இனி பார்க்கப்போகிறோம். சொல்லிவிடுகிறேன்: இதுவரை சொன்னதில் வைத்தியர், அமைச்சர், பேசிய கல் ஆகியவை ஆண்டு வரிசையில் எழுதப்பட்ட வரலாற்று நூலில் இருப்பவை. யாழ் எறிந்ததும் இனி வருவதும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் பெயரில் உள்ள நூல் சொல்பவை. அவர் அரசர்களைப் பயமுறுத்துவதற்காகவே கதை சேகரித்தவர்.

*

பு ஆற்றங்கரை. லிங்கின் பரிவாரம் குதிரைகளை அவிழ்த்து மேயவிட்டு, இரவுக்குக் கூடாரம் போட்டிருக்கிறது. நடுச்சாமத்தில் லிங் விழித்துக்கொள்கிறார். யாரோ யாழ் வாசிக்கிறார்கள். இதுவரை கேட்டிராத இசை. ஆள் விட்டு விசாரித்தால் வேறு யார் காதிலும் விழவில்லை. தன் இசைக்காரர் ஜுவானைக் கூப்பிட்டு, இது மனுஷர் வாசிப்பதுபோல் இல்லை, உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளும் என்கிறார். ஜுவான் இருட்டில் யாழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையில், பிடித்துவிட்டேன், ஆனால் விரல் பழகவில்லை, இன்னும் ஒரு ராத்திரி வேண்டும் என்றார். இன்னொரு ராத்திரியும் அங்கேயே தங்கினார்கள். விரல் பழகியது.

ஷியி மேடையில் பிங் விருந்து வைத்தார். போதை ஏறிய நேரத்தில் லிங் எழுந்து, புது இசை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன் என்றார். பிங்குக்கு வேறென்ன வேண்டும்? ஜுவான், குவாங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். பாதிகூட ஆகவில்லை, குவாங்கின் கை நீண்டு நரம்புகளை அழுத்தி நிறுத்தியது. இதை முடிக்கக் கூடாது. இது அழிந்துபோன நாட்டின் இசை.

எங்கே பிடித்தது என்று நான் சொல்கிறேன் என்றார் குவாங். ஷாங் வம்சத்தின் கடைசி அரசன் கூத்தடிக்க யன் என்ற இசைக்காரன் போட்ட மெட்டு. ஜோ படை வந்து வம்சத்தைக் கவிழ்த்தபோது யன் கிழக்கே ஓடினான். பு ஆற்றை அடைந்ததும் தண்ணீரில் குதித்துவிட்டான். ஆகவே இதைக் கேட்டது பு ஆற்றங்கரையாகத்தான் இருக்க வேண்டும். இதை முதலில் கேட்கிறவருடைய நாடு தேயும்.

லிங்கின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். பிங் அசரவில்லை. எனக்குப் பிடித்ததே இசைதான், முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். வாசித்து முடித்தார்கள். இது என்ன? ஷாங் சுரத்தில் அமைந்தது. இதைவிடச் சோகமானது இல்லையா? இருக்கிறது, ஜ சுரத்தில். வாசியும். முடியாது, அதைக் கேட்டவர்கள் எல்லாம் நேர்மையால் நிறைந்த அரசர்கள், உங்களிடம் அந்த அளவு நேர்மை சேரவில்லை. இதையும் முகத்துக்கு நேரே சொன்னார் குவாங். பிங் மறுபடியும் அதே பல்லவியைப் பாடினார்: எனக்குப் பிடித்தது இசை.

வேறு வழியில்லாமல் குவாங் யாழை இழுத்துக்கொண்டார். முதல் முறை வாசித்தபோது தெற்கேயிருந்து பதினாறு கருங்கொக்குகள் பறந்து வந்து வாயில் மண்டபத்தின் முகட்டில் இறங்கின. இரண்டாம் முறை, வரிசை கட்டி நின்றன. மூன்றாம் முறை, கழுத்தை நீட்டிக் கூவி, இறக்கையை விரித்து ஆட ஆரம்பித்தன. சபையே சந்தோஷத்தில் மிதந்தது. பிங் எழுந்து கோப்பையை உயர்த்தி ஆசானுக்கு மரியாதை செய்தார். உட்கார்ந்தார். வைத்தியர் ஹெ சொன்ன அந்த இடம் இதுதான், கையை எடுக்க வேண்டிய இடம். பிங் கேட்டார்: இதைவிடச் சோகமானது?

இருந்தது. ஜுவே சுரம். மஞ்சள் பேரரசர் தை மலையில் தேவகணங்களைக் கூட்டியபோது பிறந்த இசை. அதை நீங்கள் கேட்டால் கேடு வரும் என்றார் குவாங். நான் கிழவன், இனி எனக்கென்ன என்றார் பிங்.

முதல் முறை மீட்டியதும் வடமேற்கில் கறுத்த மேகம் திரண்டது. மறுபடி மீட்டியதும் சூறைக்காற்று, பின்னாலேயே மழை. திரைச்சீலைகள் கிழிந்தன. விருந்துப் பாத்திரங்கள் உருண்டு நொறுங்கின. கூரை ஓடுகள் சரிந்து விழுந்தன. வந்தவர்கள் மூலைக்கொருவராக ஓட, ஜின் நாட்டின் கோமகன் ஒரு நடைச்சாலையின் உள்ளே போய்க் குப்புற விழுந்து கிடந்தார். அதன் பிறகு மூன்று வருடம் மழை இல்லை, நிலம் வெந்து சிவந்தது. பிங்கின் உடம்பு முடங்கியது.

*

வருடக் கணக்கு பார்க்கிறவர்கள் இங்கே கையை உயர்த்துவார்கள். லிங் பட்டத்துக்கு வந்தது 534. பிங் செத்தது 532. இடையில் மூன்று வருட வறட்சிக்கு இடமே இல்லை. கதை அப்படித்தான். ஆனால் எதைக் கொண்டு கதையைக் கட்டினார்கள் என்று பாருங்கள். பிற்கால மருத்துவ நூலான ஹுவாங்டி நெய்ஜிங் ஓர் உறவுமுறையைத் தருகிறது. ஷாங் சுரம் மேற்கு, உலோகம், நுரையீரல், துக்கம். ஜ சுரம் தெற்கு, நெருப்பு, இதயம், மகிழ்ச்சி. ஜுவே சுரம் கிழக்கு, மரம், கல்லீரல், கூடவே காற்று. துக்கம் தரும் மெட்டு ஷாங்கில் வருகிறது. ஜ வாசித்ததும் கொக்குகள் தெற்கேயிருந்துதான் வருகின்றன, சபை மகிழ்கிறது. ஜுவே வாசித்தால் காற்று. மேகம் மட்டும் கிழக்கே கிளம்பாமல் வடமேற்கே கிளம்பிவிட்டது. கதை சொன்னவருடைய காலத்தில் அட்டவணை இன்னும் முழுதாக இறுகவில்லை போலும்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. உங்களிடம் நேர்மை போதாது என்று ஓர் அமைச்சர் சொல்லியிருந்தால் தலை போயிருக்கும். கண் தெரியாத ஓர் இசைக்காரர் அதையே சுருதியின் பேரால், வானிலையின் பேரால், உங்கள் உடம்பின் பேரால் சொல்லலாம். சுரத்துக்கும் மழைக்கும் ஈரலுக்கும் முடிச்சுப் போட்ட இந்த நம்பிக்கை உடம்பைக் குணப்படுத்தியதோ இல்லையோ, ஆளுகிறவர் முன்னால் வாயைத் திறக்கச் சிலருக்கு உரிமைச் சீட்டு கொடுத்தது. பலன் கேட்காதீர்கள். பிங்குக்குப் பின் நூற்று முப்பது வருடத்துக்குள் ஜின் நாடே மூன்று துண்டாகிவிட்டது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டது, அந்த முதலமைச்சர் ஜாவ் வுவின் வம்சம்.

அடுத்த முறை அந்தச் சீட்டைப் பயன்படுத்தியவர் மோதியது ஒரு கோமகனோடு இல்லை, மாமன்னரோடு.

ஜோ தலைநகரம், லுவோயாங். மாமன்னர் ஜிங்குக்குப் பணமுடை. கி.மு. 524இல் பெரிய காசு அடித்துப் புழக்கத்தில் விட்டார். ஜனங்கள் கையிலிருந்த சின்னக் காசின் கதி என்ன ஆகும் என்று அமைச்சர் ஷான் மு எச்சரித்தார். கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, வூயி சுரத்தில் ராட்சச மணி ஒன்று வார்க்க உத்தரவு போட்டார். ஷான் மு மறுபடியும் வந்தார். கண் பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு, காது கேட்பதற்கும் உண்டு. காது தாங்காத ஒலி உள்ளே போனால் முதலில் கெடுவது மனம், அடுத்து ஆட்சி என்றார். அதையும் கேட்கவில்லை. மன்னர் அரண்மனை இசைக்காரர் ஜோஜியுவைக் கூப்பிட்டுக் கேட்டார். ஜோஜியுவும் வேண்டாம் என்றார்.

மணி வார்க்கப்பட்டது. சுருதி சுத்தம் என்று இசைக்காரர்கள் வந்து சொன்னார்கள். பார்த்தீரா, சேர்ந்துவிட்டது என்று மன்னர் ஜோஜியுவைச் சீண்டினார். எனக்கு அப்படித் தெரியவில்லை என்றார் ஜோஜியு. ஆனால் அவருடைய வாயிலிருந்து வந்ததாக இன்னொரு நூலில் பதிவாகியிருப்பது அதைவிடக் கடுமையானது: மன்னர் நெஞ்சு நோயில் சாகப்போகிறார்.

கி.மு. 520, நான்காம் மாதம். மன்னர் ஜிங் வடமலைக்கு வேட்டைக்குக் கிளம்பினார். அமைச்சர்கள், பிரபுக்கள் ஒருவர் விடாமல் கூட வர வேண்டும் என்று கட்டளை. மணியைவிடப் பெரிய தகராறு ஒன்று, அடுத்த வாரிசு யார் என்ற தகராறு, அதற்குள் முற்றியிருந்தது. மன்னர் குறிவைத்திருந்தது மானை இல்லை. கூட்டத்தோடு தேரில் வந்துகொண்டிருந்த ஷான் முவை.

(தொடரும்)